நாகபூசணியின் ஜெம்பே

ஃபுட்ஸ்க்ரே, மெல்பேர்ண்
17 மே 2012

அன்புள்ள சிறிக்கு,

நீங்கள் ரெலிபோனைப் பட்டென்று வைத்துவிட்டீர்கள். நானும் திருப்பி எடுக்கப் போவதில்லை. இனிமேல் எழுதுவோம். எழுதும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது எனக்குப் பெரிய வசதி.

நான் கேட்டது ஒரே ஒரு விஷயம். ஆப்பிரிக்க மேளம் ஒன்று வாங்கப் போகிறேன், நீங்கள் இருபது வருடமாக மிருதங்கத்தோடு இருக்கிறவர், தோலைப் பற்றித் தெரிந்தவர், எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லுங்கள் என்றேன். அதற்கு நீங்கள் "ஆர் அந்த மனிசன்?" என்று கேட்டீர்கள். மேளம் வாங்கப் போகிறேன் என்றுதான் சொன்னேனே தவிர மனிசன் வாங்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு மனிசன் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், டூங்கபியில்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் எங்கள் பகுதியை இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது ஒரு வருடத்துக்கென்று நான் வந்தது விருப்பத்தோடு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்தால் அறை, ஹீட்டர், சோறு, நித்திரை. ஒரு வியாழக்கிழமை லைப்ரரிக்குப் பின்னால் உள்ள மண்டபத்தைத் தாண்டி நடந்தபோது மேளச் சத்தம் கேட்டது. நின்றேன். போக மனம் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, குளிரில் நிற்காமல் உள்ளே வா என்றாள். வட்டமாகக் கதிரைகள் போட்டு, ஆளுக்கொரு மேளத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை வடிவத்தில் குடைந்த ஒரு மரம், மேலே ஒரே ஒரு ஆட்டுத்தோல், சுற்றிக் கயிறு. ஜெம்பே என்று பெயர். சொல்லிக் கொடுக்கிறவர் லான்சனா, கினி நாட்டிலிருந்து வந்தவர். எனக்கு முன்னாலும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

அதில் மூன்று சத்தம்தான். நடுவில் உள்ளங்கையால் அடித்தால் ஆழமான சத்தம். ஓரத்தில் விரல்களைச் சேர்த்து அடித்தால் உருண்ட சத்தம். விரல்களை விரித்து அடித்தால் அறைகிற சத்தம். உங்கள் மிருதங்கத்தில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. எனக்கு இந்த மூன்றும் போதும் போல இருந்தது. திரும்பி வரும்போது கை நெருப்பாக எரிந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நான் சொந்தமாக வாங்கும்வரை லான்சனா தன்னுடைய மேளத்தையே இரவல் தந்திருக்கிறார். அதில் நடுவில் அடித்தால் ஆழம் போதவில்லை. அதற்கு ஏதாவது செய்யலாமா என்றும் எழுதுங்கள். ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்த குழம்பெல்லாம் முடிந்துவிட்டதா?

பூசணி


டூங்கபி, சிட்னி
26 மே 2012

அன்புள்ள பூசணி,

ரெலிபோனை நான் வைக்கவில்லை. சார்ஜ் போய்விட்டது. நம்புவதும் நம்பாததும் உம்முடைய விருப்பம்.

மீன் குழம்பு முடிந்துவிட்டது. கத்தரிக்காய் மிச்சம் இருக்கிறது. அதை நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்துகொண்டே அவ்வளவு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்.

உம்முடைய கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். லான்சனா வந்தார், லான்சனா வைத்தார், லான்சனா தந்தார். அவருக்கு என்ன வயது? கலியாணம் கட்டியவரா? கையை எங்கே வைக்க வேண்டும் என்று வாயால் சொல்வாரா, அல்லது பிடித்து வைத்துக் காட்டுவாரா? நானும் சனிக்கிழமைகளில் கராஜில் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறவன்தான். ஒருவருடைய கையையும் நான் பிடித்ததில்லை. வாயால் சொன்னால் விளங்கும்.

இன்னொன்று. நீர் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து வீட்டில் மிருதங்கம் இருக்கிறது. தூசி தட்டினீர், ஓம். உறை தைத்துத் தந்தீர், ஓம். ஒரு நாளாவது அதில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தீரா? தட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருவதற்கு ஃபுட்ஸ்க்ரே மட்டும் போக வேண்டி இருந்ததா?

வாசுதேவன் கோயிலில் நாலு பேருக்கு முன்னால் கேட்டான். "அண்ணை, அக்கா அங்க ஆப்பிரிக்க மேளம் பழகுறாவாம். இனிக் கச்சேரிக்கு உங்களைக் கூப்பிடுறதோ, அவவைக் கூப்பிடுறதோ?" என்றான். வயலின் வாசிக்கிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போலச் செய்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கத்தரிக்காய் காரணமில்லை.

நீர் கேட்டதற்குப் பதில். மரம் பலாவா என்று முதலில் பாரும். அடுத்தது சுருதி. சுருதிப் பெட்டி இல்லாமல் கடைக்குள் கால் வைக்க வேண்டாம். சுருதியோடு சேராத மேளம் வெறும் பீப்பாய். இரவல் மேளத்துக்கு ஆழம் போதாது என்று எழுதியிருந்தீர். மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து நடுவில் அப்புகிறோம், அடி கனத்துக்கொண்டு வருகிறது. நீரும் அப்பிப் பாரும். குளிர் நாள் என்றபடியால் ஹீட்டருக்குக் கிட்ட வைத்தால் தோல் விறைப்பாக நிற்கும். தோல் எல்லாம் தோல்தான்.

சிறி


ஃபுட்ஸ்க்ரே
11 ஜூன் 2012

சிறிதரன் அவர்களுக்கு,

ரவை அப்பினேன். நீங்கள் சொன்ன பதத்துக்குக் குழைத்து, நீங்கள் அப்புகிற மாதிரியே பெருவிரலால் வட்டமாக அழுத்தினேன். முதலில் சத்தம் உண்மையாகவே கனத்துத்தான் வந்தது. இவருக்கு எவ்வளவு தெரியும் பார் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது எனக்கு அவமானமாக இருக்கிறது.

ஹீட்டருக்குக் கிட்ட வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ரவை கல்லாக இறுகி, சுற்றியிருந்த தோலை இழுத்துப் பிடித்திருந்தது. கச்சேரி முடிந்து நீங்கள் சுரண்டுவது போலக் கரண்டியால் சுரண்டினேன். படாரென்று ஒரு சத்தம். நடுவிலிருந்து விளிம்புவரை தோல் கிழிந்துவிட்டது.

வியாழக்கிழமை அதைத் துணியால் மூடிக்கொண்டு போனேன். லான்சனா துணியை எடுத்துப் பார்த்தார். ஒட்டியிருந்த துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். ரவை என்றேன். சாப்பிடுகிற ரவையா என்றார். ஆம் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கிழிந்த இடத்தைத் தடவிக்கொண்டு இருந்தார். அது அவர் இந்த நாட்டுக்கு வரும்போது பிளேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மேளமாம். அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மிருதங்கத்தின் அந்தப் பக்கத்தில் தோலுக்கு மேல் தோலாக அடுக்கியிருப்பார்கள். இது மயிர் சிரைத்த ஒற்றை ஆட்டுத்தோல். இதில் எண்ணெய்கூடத் தடவுவதில்லையாம். ஒற்றைத் தோல் என்று என் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்ததாக வேறு சொல்கிறீர்கள்.

ஒரு கேள்விதான். தெரிந்துகொண்டுதான் எழுதினீர்களா?

நாகபூசணி


டூங்கபி
18 ஜூன் 2012

அன்புள்ள பூசணி,

தெரியாது என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள்.

ஒற்றைத் தோல் என்று நீர் எழுதியதை வாசித்தேன். ஒற்றைத் தோலுக்கு ரவை கூடாது என்பது என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கே தெரியும். எழுதும்போது அது எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் மதிக்கவில்லை. தோல் கிழிய வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. சத்தம் கெட வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆளுக்கு முன்னால் நீர் அடிக்கும்போது அது மந்தமாக விழ வேண்டும், அவர் முகத்தைச் சுளிக்க வேண்டும், உமக்கு இது சரிவராது என்று சொல்ல வேண்டும், நீர் விட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் நினைத்தேன். எழுதிப் பார்க்கும்போது கொஞ்சமாகத் தெரியவில்லை.

நான் பொறாமைக்காரன் இல்லை என்று நீரே உம்முடைய தங்கைக்குச் சொன்னது நினைவிருக்கிறது. அப்போது நீர் என்னை விட்டு ஒரு இடமும் போனதில்லை, நான் நல்லவனாக இருந்தேன்.

வாற சனிக்கிழமைக்கு அடுத்த கிழமை அங்கே வருகிறேன். லான்சனாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்பேன். புதுத்தோல் போடுகிற செலவு என்னுடையது. உமக்கு மேளம் எடுக்கும்போதும் நான் கூட வருகிறேன். இந்த முறை ஒரு பிழையும் விட மாட்டேன்.

சிறி


ஃபுட்ஸ்க்ரே
9 ஜூலை 2012

சிறிக்கு,

வந்தீர்கள். லான்சனாவுக்குக் கை கொடுத்து மன்னிப்புக் கேட்டீர்கள். அந்த ஐந்து நிமிடமும் எனக்கு உங்கள் மேல் எவ்வளவு பட்சமாக இருந்தது தெரியுமா? அதற்குப் பிறகு கடையில் நடந்ததை நீங்கள் வாசுதேவனுக்கு வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய மனைவி எனக்கு எடுத்துச் சொன்னா. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

லான்சனா கடை வாசலிலேயே சொல்லிவிட்டார், தான் ஒருவருக்கும் மேளம் தெரிந்தெடுத்துக் கொடுப்பதில்லை, அடிக்கிறவர்தான் தெரிந்தெடுக்க வேண்டும் என்று. சொல்லிவிட்டு வெளியே நின்று சிப்ஸ் சாப்பிட்டார். நீங்கள் பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துப் போட்டீர்கள். அது ஙொய்யென்று கத்தத் தொடங்கியது. கடைப் பெண் அதை ரேடியோ என்று நினைத்து, வேறு ஸ்டேஷன் எடுக்காதா என்று கேட்டாள். நீங்கள் வரிசையில் நின்ற மேளங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்து, டொக்டர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு போனீர்கள்.

கடைசியில் ஒன்றைப் பிடித்தீர்கள். யானை செதுக்கி, பச்சையும் மஞ்சளும் பூசிய மேளம். "இஞ்ச வாரும், இது சுருதிக் கட்டையில அச்சொட்டா நிக்குது. இதுதான்" என்றீர்கள். நான் அதைக் கவிழ்த்து உள்ளே பார்த்தேன். உளி பட்ட அடையாளமே இல்லை, மெஷினில் கடைந்தது. நடுவில் ஒட்டு வேறு. தூக்கினால் பஞ்சு. மூன்று மாத வகுப்பில் நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஒற்றை மரத்தில் குடைந்திருக்க வேண்டும், கனக்க வேண்டும், விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினால் கடிக்கக் கூடாது. அப்படியும் உங்களுக்காக அதை அடித்துப் பார்த்தேன். தகரம்.

மூலையில் ஒன்று இருந்தது. செதுக்கல் இல்லை, பூச்சு இல்லை. தோலின் நடுவால் ஆட்டின் முதுகுக்கோடு மண்ணிறமாக ஓடியது. அதை முழங்காலுக்கு நடுவில் வைத்து நடுவில் ஒரு அடி அடித்தேன். இருந்த கதிரை அதிர்ந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"அது அரைக் கட்டை கீழ நிக்குது. பாக்கவும் வடிவில்லை. ஆர் சொல்லி இதை எடுக்கிறீர்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அவர் கண் காட்டினவர். நான் பாத்தனான்."

அவர் வெளியில் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு புறாவுக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார், சிறி. முதுகால் எப்படிக் கண் காட்டுவது?

நீங்கள் சுருதிப் பெட்டியை நிறுத்திப் பைக்குள் வைத்தீர்கள். "பாத்ரூம் போட்டு வாறன்" என்றீர்கள். நான் கடைப் பெண்ணோடு கதைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் தேத்தண்ணீர்கூட ஊற்றித் தந்தாள். அதற்குப் பிறகுதான் உங்கள் மெசேஜ் வந்தது, ரெயினில் ஏறிவிட்டேன் என்று. பாத்ரூம் சிட்னியிலா இருக்கிறது?

நீங்கள் வாசுதேவனுக்குச் சொன்னீர்களாம், "அவ தனக்கெண்டு ஒரு ஆளோட வந்து மேளம் எடுத்தவ, நான் இடைஞ்சல்" என்று. நான் ஒருவரோடும் மேளம் எடுக்கவில்லை. அந்த அடியோடு நான் எடுத்துவிட்டேன். அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மேளத்தை நானே தோளில் போட்டு ட்ராமில் கொண்டுவந்தேன். கனம்தான்.

நாகபூசணி


டூங்கபி
20 செப்டெம்பர் 2012

அன்புள்ள பூசணி,

இத்தனை நாளும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ரோஷம். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

போன சனிக்கிழமை யோகாவின் பாட்டுக் கச்சேரி. நானும் வாசுதேவனும் பக்கவாத்தியம். மண்டபம் நிறைந்திருந்தது. பாட்டெல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு எனக்குத் தனி ஆவர்த்தனம் விட்டார்கள், மிருதங்கம் மட்டும். ஆதி தாளம், கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற தாளம். வழக்கம்போல முன்வரிசையைப் பார்த்தேன். உம்முடைய கதிரையில் அரியரத்தினம் அங்கிள் இருந்தார். அவரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அது அவருடைய சொந்தத் தாளம்.

கடைசிக் கோர்வை மூன்றாம் முறை வந்து தாளத்தின் முதல் அடியில் விழ வேண்டும். அது வேறெங்கோ விழுந்தது. யோகா என்னைப் பார்த்தா. பார்த்துவிட்டுத் தன் கையை ஒரு அடி முன்னால் மாற்றிப் போட்டு, நான் விழுந்த இடத்தையே முதல் அடி ஆக்கிப் பாட்டை எடுத்துவிட்டா. சபை கை தட்டியது. வாசுதேவன் வயலினைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பகிடி விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

யோகாவின் தாளம் ஆடியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். உமக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பாடுகிறவர்களின் கையை நான் ஒரு காலமும் நம்பியதில்லை. நீர் முன்வரிசையில் மடியில் வைத்துப் போடுகிற கையைத்தான் பார்ப்பேன். அதைப் பார்த்துக்கொண்டு நான் எங்கே வேண்டுமென்றாலும் போவேன், திரும்பி வருகிற இடம் அங்கே இருக்கும். இதை உமக்கு நான் சொன்னதில்லை. எனக்கே போன சனிக்கிழமைதான் முழுதாகத் தெரிந்தது.

இப்போது அந்தக் கை அங்கே வேறு ஏதோ அடித்துக்கொண்டு இருக்கிறது. எனக்கு லான்சனா மேல்கூட அவ்வளவு எரிச்சல் இல்லை. அந்த மேளத்தின் மேல் எரிச்சல். ஆட்டுத்தோலைப் பார்த்து வயிறு எரிகிற மனிசனாகிவிட்டேன், சிரிக்க வேண்டுமென்றால் சிரியும்.

டிசெம்பரில் வந்துவிடும். அதை யாருக்காவது விற்றுவிட்டு வாரும்.

சிறி


ஃபுட்ஸ்க்ரே
4 ஒக்டோபர் 2012

அன்புள்ள சிறிக்கு,

சிரிக்கவில்லை. யோகாவை நினைத்துக் கவலைப்பட்டேன். உங்களைக் காப்பாற்றியவவின் தலையிலேயே பழியைப் போட்டிருக்கிறீர்கள். அவவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் என் கையைப் பார்ப்பது எனக்குத் தெரியும். எப்போதோ தெரியும். ஹோர்ன்ஸ்பியில் நடந்த ஒரு கச்சேரியில் எனக்குத் தும்மல் வந்து கை ஒரு கணம் நின்றபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அன்றையிலிருந்து நான் கச்சேரியில் தண்ணீர் குடித்ததில்லை, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்ததில்லை, சேலைத் தலைப்பைச் சரி செய்ததில்லை. நீங்கள் தனி வாசிக்கும்போது எல்லாரும் ஆகா என்பார்கள். என்னத்துக்கு ஆகா என்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கொண்டிருப்பேன். இவ்வளவு வருடமாக உங்களுடைய தனியை ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை, சிறி.

இதை வாசித்து உங்களுக்கு நோகும். எனக்கும் எழுத நோகிறது. நான் அதைப் பாரமாக நினைக்கவில்லை, அதுதான் உண்மை. என்னால்தான் அவர் நிற்கிறார் என்று ஒரு கள்ளப் பெருமை இருந்தது. வீட்டில் நீங்கள் மிருதங்கத்தை எடுத்துத் தட்டிப் பாரும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையைப் பார்த்த நீங்கள் அது வேறு என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

மேளத்தை விற்க மாட்டேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்த வேலையை நிரந்தரமாகத் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். நவம்பர் நடுவில் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. முன்பென்றால் தெரிந்திருக்கும்.

நவம்பர் மூன்றாம் திகதி இங்கே தெருவிழா. எங்கள் வகுப்பு வாசிக்கிறது. உங்களை வரச் சொல்லிக் கேட்கவில்லை. கடைக்கு வந்தது போல வருவதென்றால் வராமல் இருப்பது நல்லது.

பூசணி


டூங்கபி
6 நவம்பர் 2012

அன்புள்ள பூசணி,

வந்தனான்.

சொல்லாமல் வந்து சொல்லாமல் திரும்பிவிட்டேன். கோப்பிக்கடைக் குடைகளுக்குப் பின்னால், பிள்ளை வண்டிகளோடு நின்ற தாய்மாருக்கு நடுவில் நின்றேன். சுருதிப் பெட்டி கொண்டுவரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். நான் மேளம் கேட்க வரவில்லை. நீர் எங்கே பார்க்கிறீர் என்று பார்க்க வந்தேன். நான் உம்மைப் பார்ப்பது போல நீர் லான்சனாவைப் பார்ப்பீர், அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு அடிப்பீர், அதைக் கண்ணால் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். ஏச வேண்டிய சொற்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

நீர் நீலச் சட்டை போட்டிருந்தீர். அந்தச் சட்டை எனக்குத் தெரியாது. உட்கார்ந்து மேளத்தைச் சரித்து வைத்தீர். மற்றவர்கள் தொடங்கினார்கள். நீர் கொஞ்சம் பொறுத்துப் பிறகு சேர்ந்தீர். சேர்ந்த உடனே கண்ணை மூடிவிட்டீர். கடைசிவரை திறக்கவில்லை. லான்சனா உமக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்து நின்றார், நீர் அவரைக் காணவில்லை. சனம் ரோட்டில் இறங்கி ஆடியது, அதையும் காணவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துள்ளினாள். என்னுடைய கச்சேரியில் ஒருவரும் எழும்பித் துள்ளியதில்லை. எழும்புகிறவர்கள் கோப்பி குடிக்கத்தான் எழும்புவார்கள்.

நீர் லான்சனாவைப் பார்த்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு ஆள் இருந்திருக்கும். நீர் ஒருவரையும் பார்க்கவில்லை. உமக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. நான் வாசிக்கும்போது ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். கிட்ட வந்து, நல்லாயிருந்தது என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பயந்து ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன்.

அந்தப் பொறாமை இப்போதும் போகவில்லை. நேற்றுக் கராஜில் ஆதி தாளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். இரண்டு தரம் தவறி விழுந்தது. மூன்றாம் தரம் நான் நிறுத்திவிட்டேன்.

யோகாவிடம் சொல்லிவிட்டேன். "அது எனக்கு அப்பவே தெரியும் அண்ணை" என்றா.

வேலைக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் கேட்கிறேன்.

சிறி


ஃபுட்ஸ்க்ரே
14 நவம்பர் 2012

அன்புள்ள சிறி,

கண்ணை மூடினால் நான் எண்ண வேண்டியதில்லை. அதுதான் விஷயம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஒருவரும் தேவையில்லை என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். வாசித்து முடிந்ததும் கண்ணைத் திறந்து, சிறி வந்திருப்பாரோ என்று சனத்துக்குள் தேடினேன். நீங்கள் அப்போது ஸ்டேஷனில் நின்றிருப்பீர்கள். எப்போதும் ஒரு நிமிடம் முந்திப் போய்விடுவது உங்கள் பழக்கம்.

வேலை வேண்டாம் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்காகத்தான் என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். இந்தக் குளிர் எனக்கு ஒத்துவரவில்லை, மனம் உங்களையும் தேடுகிறது. தேடுகிறது என்று எழுதுகிறேனே தவிர மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை. அந்த ரவைக்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும். லான்சனா மேளத்துக்குப் புதுத்தோல் போட்டுவிட்டார், அது கைக்குப் பழகவும் காலம் எடுக்கும் என்கிறார்.

டிசெம்பரில் வருகிறேன். மேளமும் வருகிறது. கராஜில் ஒரு பக்கத்தை ஒதுக்கி வையுங்கள், காட்சிக்கு வைக்கிற பொருள் மாதிரி மூலையில் அல்ல, நான் கதிரை போட்டு இருந்து அடிக்கிற அளவுக்கு. மரிக்வில்லில் ஒரு குழு இருக்கிறதாம், லான்சனா சொல்லி அனுப்புகிறார். அங்கே சொல்லிக் கொடுக்கிறவரும் ஆண்தான், அழகான ஆள் என்றும் கேள்வி. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ரெலிபோன் சார்ஜ் போக வேண்டாம்.

உங்கள் கச்சேரிகளுக்கு வருவேன். முன்வரிசையில் இருக்க மாட்டேன். பின்னால் எங்கேயாவது இருந்து, கையைக் கட்டிக்கொண்டு, முதல் தரமாக உங்கள் தனியைக் கேட்கப் போகிறேன். நீங்கள் நிமிர்ந்து தேடினாலும் என் கை தெரியாது. தாளம் தவறினால் தவறட்டும், சிறி. அன்றைக்கும் ஒரே காரில்தான் வீட்டுக்குப் போவோம்.

பூசணி